பூச்சி முட்டையின் வால்முனையும் வருங்காலச் சந்ததியும்

சிலாங்கூரில் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்பில் டிங்கிக் காய்ச்சல் தடுப்பைப் பற்றி விளக்கக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. வந்திருந்தோருள் ஒரு மூதாட்டியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபின் மகனுடன் அங்கு வந்து குடியேறியவர். கூட்டம் முடியும் தறுவாயில் அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்: “இத்தனை நாளாகக் கொசுவைக் கொல்லப் புகை அடித்தீர்கள். இப்போது நீங்களே டப்பாவில் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறீர்கள். அதன் உடம்பில் ஏதோ நல்ல கிருமி இருக்கிறது என்கிறீர்கள். கொசு உயிரோடு இருப்பது சில வாரம். அது செத்தால் அந்தக் கிருமியும் சேர்ந்து செத்துவிடாதா, ஐயா?”

“தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்குப் போகும், அம்மா” என்று விடையளிக்கப்பட்டது. விடை சரியானதே. ஆயினும் பள்ளியில் பாடம் நடத்திப் பழகிய எனக்கு அது பாதி விடையாகவே பட்டது. முட்டைக்குள் சென்ற கிருமி, அம்முட்டையிலிருந்து வெளிவரும் மகளின் காலிலோ சிறகிலோ தங்கிவிட்டால் பேத்திக்கு எவ்வாறு போய்ச் சேரும்? மகளின் உடம்பில் பிற்காலத்தில் முட்டைகளாக மாறப்போகும் உயிரணுக்கள் சிலவே. அவற்றுக்குள் அது புகுந்தாக வேண்டும். அவ்வுயிரணுக்கள் எப்போது, எங்கே, எதனால் உண்டாகின்றன? உயிரியல் அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் வினா இது.

முதலில் நாம் நன்கறிந்த இரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். நல்ல பால் தரும் மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து நாற்றின் தண்டில் ஒட்டுக் கட்டுகிறோம். அந்த மொட்டு வளர்ந்து முழு மரமாகிறது. உரிய காலத்தில் பூக்கிறது, காய்க்கிறது, விதை தெறிக்கிறது. கிளையின் எந்த மொட்டாக இருப்பினும் இது இயலும். அதாவது, மரத்தின் உடம்பு வேறு, வித்து வேறு என்ற பிரிவு மரத்தில் தொடக்கத்திலேயே ஏற்படுவதில்லை. இலையும் கிளையும் தந்த அதே வளர்முனை ஒரு நாள் பூவையும் தருகிறது.

பூச்சிகளில் நிலைமை முற்றும் வேறு. அவற்றுள் பலவற்றில், கண்ணும் காலும் வயிறும் உருவாவதற்கு முன்பே, ஒரு சிறு உயிரணுக் கூட்டம் தனியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. முட்டையாகவோ விந்தாகவோ மாறும் உரிமை அக்கூட்டத்துக்கு மட்டுமே உண்டு. ஏனையவை அனைத்தும் உடம்பைக் கட்டி, உழைத்து, அவ்வுடம்போடு மடிபவை. ஒதுக்கப்பட்ட அக்கூட்டத்தை ‘இன உயிரணுக்கள்’ என்று குறிப்பிடுவோம்.

ஈயின் முட்டைக்குள் இத்தகைய உயிரணுக்கள் வால்முனையில் தனித்து நிற்பதை 1860களிலேயே ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் கண்டனர். அவர்களுள் ஜெர்மானியரான ஆகஸ்ட் வைஸ்மன் குறிப்பிடத்தக்கவர். கண்பார்வை குன்றியதால் உருப்பெருக்கியைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாமற்போன அவர், கண்டவற்றைக் கொண்டு சிந்திப்பதில் இறங்கினார். 1892இல் வெளியிட்ட நூலில், உடல் வேறு, வித்துப் பொருள் வேறு என்றும், பெற்றோர் உடம்பில் ஏற்படும் மாற்றம் பிள்ளையின் வித்தில் பதிவதில்லை என்றும் அவர் வாதிட்டார். பால் சீவிக் காய்த்துப்போன கையைத் தாய் தன் குழந்தைக்குக் கொடுப்பதில்லை அன்றோ? கருத்து பொதுவில் நிலைத்தது. ஆனால் எல்லா உயிர்களிலும் வித்து தொடக்கத்திலேயே தனியாக வைக்கப்படுகிறது என்று அதனை விரித்துக் கொள்வது தவறு. மேலே கூறிய ஒட்டு மரம் ஒன்றே அதற்குச் சான்று.

இனி, முட்டைக்குள் நடப்பதைக் காண்போம். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈயை அறியாதார் இலர். டிரோசோஃபிலா என்பது அதன் அறிவியற் பெயர். அதன் முட்டை அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. கருவுற்ற முட்டையின் உட்கரு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடமே ஆகிறது. வியப்பு என்னவெனில், உட்கருக்கள் பெருகினாலும் அவற்றுக்கிடையே சுவர் எழுவதில்லை. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் தடுப்பில்லாமல் இருப்பது போல அவை ஒரே கூழில் மிதக்கின்றன.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சில உட்கருக்கள் முட்டையின் வால்முனையை அடைகின்றன. அங்கே தாய் ஈ முன்கூட்டியே வைத்துச் சென்ற ஒரு தனிவகைக் கூழ் காத்திருக்கிறது. நுண்மணிகள் செறிந்த அதனை ‘முனைக்கூழ்’ எனலாம். அக்கூழுக்குள் புகுந்த உட்கருக்கள் உடனே மொட்டுகள் போலப் புடைத்து, தமக்கெனச் சுவர் எழுப்பிக்கொண்டு, முழு உயிரணுக்களாகப் பிரிந்துவிடுகின்றன. முட்டையின் முதல் உயிரணுக்கள் இவையே. இவை பெருகி முப்பது நாற்பது ஆகின்றன. மற்ற உட்கருக்களோ ஏறத்தாழ ஆறாயிரமாகப் பெருகி, மூன்றாம் மணி நேரத்தில்தான் சுவர் பெறுகின்றன. உடம்பு கட்டும் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது.

அவ்வேலை நடைபெறும்போது இன உயிரணுக்கள் என்ன செய்கின்றன? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை! மற்ற உயிரணுக்கள் தத்தம் மரபணுக்களை இயக்கி, நீ தசையாகு, நீ நரம்பாகு என்ற கட்டளைகளைப் பெற்றுக்கொண்டிருக்க, இவை தம் மரபணுக்களைப் பூட்டிவைத்து வாளாவிருக்கின்றன. அவ்வாறு பூட்டிவைப்பதற்கென்றே முனைக்கூழில் ஏற்பாடு உண்டு. பின்னர்க் கருவின் பின்குடல் உள்மடியும்போது இவையும் உள்ளே இழுத்துச் செல்லப்படுகின்றன. அங்கிருந்து குடற்சுவரைத் துளைத்து வெளியேறி, ஊர்ந்து சென்று, இருபுறமும் உருவாகிவரும் இனப்பெருக்க உறுப்புகளை அடைகின்றன. வழி தவறியவை அழிகின்றன. அடைந்த சிலவற்றிலிருந்தே அந்த ஈயின் எல்லா முட்டைகளும் அல்லது எல்லா விந்தணுக்களும் பிற்காலத்தில் தோன்றுகின்றன.

முனைக்கூழே இதற்கெல்லாம் காரணம் என்பதை எவ்வாறு உறுதிப்படுத்தினர்? 1908ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் இராபர்ட் ஹெக்னர் என்பார், புதிதாக இடப்பட்ட இலைவண்டு முட்டைகளின் வால்முனையை ஊசியால் குத்தி அங்குள்ள கூழை வடியவிட்டார். கரு வளர்ந்தது, ஆனால் அதில் இன உயிரணுக்கள் இல்லை. 1931இல் கெய்கி என்ற ஆய்வாளர் பழ ஈ முட்டையின் வால்முனையில் மட்டும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். அம்முட்டைகளிலிருந்து வந்த ஈக்கள் பறந்தன, உண்டன, இணைசேர்ந்தன. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. குத்தியதாலும் கதிர் பாய்ந்ததாலும் வேறு ஏதேனும் கெட்டிருக்கலாம் அல்லவா? அதற்கு விடை 1974இல் கிடைத்தது. இல்மென்சே, மகோவால்டு என்னும் இருவர் ஒரு முட்டையின் முனைக்கூழை எடுத்து இன்னொரு முட்டையின் தலைமுனையில் ஏற்றினர். தலை வரவேண்டிய இடத்தில் இன உயிரணுக்கள் தோன்றின. அவற்றை எடுத்து மூன்றாவது முட்டையின் வால்முனையில் வைத்தபோது, அவை முறையாக வளர்ந்து சந்ததியையும் தந்தன. அவ்வாண்டிலேயே வேறொரு குழுவினர், கதிரால் கெடுக்கப்பட்ட முட்டைக்குள் நல்ல முனைக்கூழை ஏற்றி அதன் மலட்டுத்தன்மையை நீக்கிக் காட்டினர்.

இவ்விடத்தில் ஹெலன் ஸ்பர்வே அம்மையார் 1948இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. பழ ஈ இனம் ஒன்றில், குறிப்பிட்ட ஒரு மரபணு பழுதான பெண் ஈக்கள் நலமாக வாழ்ந்து பல பிள்ளைகளைப் பெறும். ஆனால் அப்பிள்ளைகள் அனைத்தும் மலடாயிருக்கும். பழுது தாயிடம், தண்டனை மகளுக்கு, இழப்போ பாட்டிக்கு! அம்மரபணுவுக்கு அவர் ‘பேரப்பிள்ளையற்றது’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். முட்டைக்கு வேண்டியதை முன்கூட்டியே வைப்பவள் தாய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அம்மையார் பின்னர்த் தம் கணவர் ஹால்டேனுடன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

முனைக்கூழைத் திரட்டும் முதன்மை மரபணுவை ரூத் லேமன், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு ஆகியோர் 1986இல் விவரித்தனர். அது பழுதானால் கருவில் வயிற்றுப் பகுதி வளர்வதில்லை. ஆகையால், வளர மறுத்த சிறுவன் ஒருவனைப் பற்றிய ஜெர்மானிய நாவலை நினைவுகூர்ந்து அவனது பெயரான ‘ஒஸ்கார்’ என்பதையே மரபணுவுக்கும் இட்டனர். தாயின் சூலகத்தில், வளரும் முட்டைக்கு உணவூட்டும் செவிலி உயிரணுக்கள் ஒஸ்காரின் செய்தியை எழுதி அனுப்புகின்றன. அது முட்டையின் வால்முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே புரதமாகி, ஏனைய பொருள்களைத் தன்னைச் சுற்றித் திரட்டுகிறது. 1992இல் அன் எஃப்ருசியும் லேமனும் இச்செய்தியைத் தலைமுனைக்கு அனுப்புமாறு மாற்றியமைத்தபோது, இன உயிரணுக்கள் தலைமுனையில் முளைத்தன. 1974இல் ஊசியால் கண்டதை இவர்கள் மரபணுவால் கண்டனர்.

இதுவரை படித்தவர்கள், எல்லாப் பூச்சிகளுக்கும் இதுவே வழி என்று எண்ணக்கூடும். ஆய்வாளர்களும் நெடுநாள் பழ ஈயையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினர். இரவில் சிறகுகளை உரசி ஒலியெழுப்பும் சில்வண்டு இந்த எண்ணத்தை மாற்றியது. பூச்சிக் குலத்தின் கிளைமரத்தில் சில்வண்டின் கிளை, ஈயின் கிளையிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தது. அதன் முட்டையின் வால்முனையில் முனைக்கூழ் இல்லை. தொடக்கத்தில் இன உயிரணுக்களும் இல்லை. கரு ஓரளவு வளர்ந்து உடற்கண்டங்கள் அமைந்த பிறகு, வயிற்றுக் கண்டங்கள் சிலவற்றின் நடு அடுக்கிலுள்ள உயிரணுக்கள், அண்டை உயிரணுக்கள் விடுக்கும் சமிக்ஞையைப் பெற்று இன உயிரணுக்களாக மாறுகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கசாண்ட்ரா எக்ஸ்டவர் அவர்களின் குழுவினர் 2013, 2014ஆம் ஆண்டுகளில் இதனை வெளியிட்டனர்.

இவ்விரு முறைகளின் வேறுபாட்டைத் தோட்டத்து வழக்கிலேயே சொல்லலாம். ஒரு பிள்ளை பிறக்கும் முன்பே அதன் பெயருக்குத் தாய் சொத்தை எழுதி வைத்துவிடுவது ஒரு முறை. பிள்ளைகள் வளர்ந்தபின் அக்கம்பக்கத்தார் கூடி, இவனே பொறுப்பேற்கத் தக்கவன் என்று குறிப்பது மற்றொரு முறை. ஈயும் கொசுவும் முதல் முறையைச் சேர்ந்தவை. சில்வண்டு இரண்டாம் முறையைச் சேர்ந்தது. விலங்குலகம் முழுவதையும் பார்த்தால் இரண்டாம் முறையே பரவலானது, பழமையானதும் அதுவே என்று 2003இல் எக்ஸ்டவரும் மைக்கேல் ஏக்கமும் எடுத்துக்காட்டினர். எலியும் அம்முறையையே பின்பற்றுகிறது. ஆகவே தாயின் உயில் பூச்சிகளிடையே பின்னர் வந்த புதுமை.

அப்படியானால் ஒஸ்கார் எங்கிருந்து வந்தது? சில்வண்டுக்கும் ஒஸ்கார் உண்டு. ஆனால் அங்கே அதற்கு இன உயிரணுக்களில் வேலையில்லை, நரம்பு மண்டலத்தில்தான் வேலை. நரம்பில் பணிபுரிந்த பழைய மரபணு ஒன்று, பிற்காலக் கிளையொன்றில் புதிய பொறுப்பை ஏற்றது எனக் கொள்ளலாம். மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. ஒஸ்கார் புரதத்தின் ஒரு பகுதி பூச்சிகளின் முன்னோரிடமிருந்து வந்ததாயினும், மற்றொரு பகுதி பாக்டீரியாவிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாகத் தோன்றுகிறது என 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பாக்டீரியாத் துண்டும் பூச்சித் துண்டும் ஒட்டுக் கட்டிய மரம் போல ஒன்றாகியிருக்கின்றன. வந்த மரபணு எல்லா வீட்டிலும் நிலைக்கவும் இல்லை. குளவியிலும் எறும்பிலும் ஒஸ்கார் இருக்கிறது. அவற்றின் நெருங்கிய உறவினரான தேனீயில் அது காணப்படவில்லை. மாவு வண்டிலும் பட்டுப்புழுவிலும் இல்லை. இவை வேறு வழிகளில் தம் இன உயிரணுக்களை அமைத்துக்கொள்கின்றன. வம்சத்தைக் காக்கும் இன்றியமையாத வேலைக்கே இயற்கை இத்தனை முறை ஆளை மாற்றியிருக்கிறது!

நிற்க. மூதாட்டியார் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். அவர் குறிப்பிட்ட கிருமி வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா. 1924இல் ஹெர்டிக், வோல்பாக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் சாதாரண வீட்டுக் கொசுவின் உடம்பில் இதனைக் கண்டனர். உயிரணுக்களுக்குள்ளேயே வாழும் இதற்கு வெளியில் பிழைப்பில்லை. விந்தணுவில் இதற்கு இடம் கிடைப்பதில்லை; ஆகவே தாய்வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. பழ ஈயின் முட்டைகளை ஆராய்ந்தபோது, சில வகை வோல்பாக்கியா வால்முனையிலேயே, முனைக்கூழின் நடுவே திரண்டு நிற்பது தெரிந்தது. வருங்கால முட்டைகள் எங்கே தோன்றப்போகின்றனவோ அங்கேயே போய் அமர்ந்துகொள்கிறது. அறிஞர்கள் ஊசியும் கதிரும் கொண்டு கண்டறிந்த இடத்தை இந்தப் பாக்டீரியா எத்தனையோ காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது போலும்.

டிங்கியைப் பரப்புவதில் முதன்மையான ஏடிஸ் ஈஜிப்டி கொசுவின் உடம்பில் வோல்பாக்கியா பொதுவாக இயற்கையில் இருப்பதில்லை. ஆனால் தோட்டத்தில் நம்மைக் கடிக்கும் கொசுவில் உண்டு. பால் எடுக்காத மரங்களில் மழைநீர் தேங்கிய மங்குகளிலும், மரப்பொந்துகளிலும் பெருகும் ஏடிஸ் அல்போபிக்டஸ் அது; முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடுடையது. அவ்வினத்தின் முட்டைக்கூழில் இருந்த வோல்பாக்கியாவை 2005இல் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈஜிப்டியின் முட்டைக்கு மாற்றி நிலைபெறச் செய்தனர்.

எந்த இடத்தில் ஊசியைச் செலுத்தினர் என்பதை வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பர். முட்டையின் வால்முனையில்தான், அதுவும் அங்கே இன உயிரணுக்கள் சுவரெழுப்பிக் கொள்ளுமுன். கொசு முட்டை இடும்போது வெள்ளையாயிருக்கும். ஓரிரு மணி நேரத்தில் கருத்து இறுகிவிடும். இறுகுமுன் முடிக்க வேண்டிய நுண்ணிய வேலை அது. குத்தப்பட்ட முட்டைகளில் பல இறந்துபோகும். பிழைத்தவற்றிலிருந்து வந்த பெண் கொசுக்களை வளர்த்து, அவற்றின் மகள்களிடமும் பேத்திகளிடமும் பாக்டீரியா தொடர்ந்து இருக்கிறதா என்று சோதித்தே வம்சத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊசி ஒரு தலைமுறைக்கு மட்டுமே. அதன் பிறகு ஒவ்வொரு தாயும் தன் முட்டையில் பாக்டீரியாவைத் தானே சேர்த்து வைக்கிறாள்.

வெளியே விடப்பட்ட கொசுக்களின் பாக்டீரியா எவ்வாறு பரவுகிறது என்பதும் விளக்கத்தக்கது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணுடன் இணைந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. வோல்பாக்கியா உள்ள பெண்ணோ எந்த ஆணுடன் இணைந்தாலும் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் அனைத்தும் பாக்டீரியாவோடு பிறக்கும். எனவே தலைமுறைதோறும் பாக்டீரியா உள்ள கொசுக்களே மிகுகின்றன. சிங்கப்பூரில் 2016 முதல் மேற்கொள்ளப்பட்ட திட்டம் ஆண் கொசுக்களை மட்டுமே விட்டு, முட்டைகளைப் பொரிக்காமற் செய்து, கொசுத்தொகையைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. மலேசியாவில் ஆணும் பெண்ணும் விடப்பட்டன. இங்கே நோக்கம் கொசுவை அடியோடு ஒழிப்பதன்று. டிங்கி வைரஸ் எளிதில் பெருக இயலாத கொசுவை அதனிடத்தில் நிலைநிறுத்துவது.

மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிவியலாளர்கள், அல்போபிக்டஸ் கொசுவிலிருந்து வந்த வோல்பாக்கியா வகையைத் தாங்கிய கொசுக்களை உள்ளூர்க் கொசுக்களோடு கலந்து வளர்த்து, 2017 முதல் சிலாங்கூரில் சோதித்தனர். நம் நாட்டு வெயிலைத் தாங்குவதில் இவ்வகை மற்றதைவிட மேலானது என்பதே இதனைத் தேர்ந்ததற்குக் காரணம். விடப்பட்ட இடங்களில் டிங்கி நோயாளர் எண்ணிக்கை சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வறிக்கை தெரிவித்தது. அவ்வாண்டிலேயே சுகாதார அமைச்சு திட்டத்தை மற்ற இடங்களுக்கும் விரிவுபடுத்தத் தொடங்கியது.

மூதாட்டியாரிடம் இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னபோது, “அப்படியானால் தோட்டத்துக் கொசு நல்ல கொசுவா?” என்று கேட்டார். இல்லை. அல்போபிக்டஸ் கொசுவும் டிங்கியைப் பரப்பவல்லது. நெடுங்காலமாகத் தன் உடம்பில் வாழும் பாக்டீரியாவோடு அது இசைந்துபோய்விட்டது; அங்கே பாக்டீரியா வைரஸை முழுதும் தடுப்பதில்லை. புதிய வீடாகிய ஈஜிப்டியின் உடம்பில்தான் அதன் தடுக்கும் ஆற்றல் நன்கு வெளிப்படுகிறது. ஆகவே கொசு விடப்பட்ட குடியிருப்புகளில் அவ்வாரங்களில் கடி சற்று மிகலாம். தோட்டங்களிலோ இத்திட்டத்தால் அல்போபிக்டஸ் குறைவதில்லை. சீவாத மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும், லயத்தைச் சுற்றித் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டுவதும் அங்கே முன்போலவே தேவைப்படுகின்றன.